கேம் பாயைக் கழட்டிப் பார்க்கலாமா பாஸ்?

உஃப்ப்ப்ப்!

இந்த சத்தம் ஞாபகம் இருக்கா பாஸ்? உங்களுக்கு இல்லாவிட்டால் உங்க அண்ணனையோ, சித்தப்பாவையோ கேளுங்க. டி.வி. முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீடியோ கேம் கேசட்டை வாய்கிட்ட வெச்சு ஊதி, ‘பிள்ளையாரப்பா... இந்தத் தடவையாவது ஓடணும்!’ என்று வேண்டிக்கொண்டு ஸ்விட்ச் போட்ட தலைமுறை அது.

ஊதியதால்தான் ஓடியது என்று இன்றைக்கும் கற்பூரம் அடித்து சத்தியம் செய்வார்கள். ஸாரி அண்ணா! ஓட வைத்தது உங்க ஊதல் இல்லை. கழட்டித் திரும்பச் சொருகும்போது கேசட்டின் உலோகப் பட்டைகள் உரசி, ஒழுங்காகத் தொட்டுக்கொண்டதுதான் காரணம். ஊதியதில் மிச்சம் கிடைத்தது எச்சில் ஈரமும், அரிப்பும்தான். ‘தயவுசெய்து ஊதாதீங்க’ என்று நின்டெண்டோ கம்பெனியே சொல்லியிருக்கிறது!

சரி, ஊதினோம், சொருகினோம், விளையாடினோம். அந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருநாளாவது திறந்து பார்த்தோமா?

பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான், ஜெர்மனி, ஸ்வீடன், ஆஸ்திரேலியா என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம். 1989-ல் வந்த கேம் பாயை இன்றைக்கும் கழட்டுகிறார்கள். புது ஸ்கிரீன் மாட்டுகிறார்கள். சொந்தமாக கேம் எழுதி, சொந்தமாக போர்டு டிசைன் செய்து, சொந்தமாக கேசட்டே தயாரிக்கிறார்கள். கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்ட ஒரு மெஷினுக்கு!

‘ஏன் இந்த வேண்டாத வேலை?’ன்னுதானே கேட்கிறீங்க? கையில் ஸ்குரூ டிரைவரை எடுங்க, சொல்றேன்.

பழைய சோறு ஃபார்முலா!

முதலில் கதாநாயகனைப் பற்றி. பெயர் கும்பெய் யோகோய். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-ல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி. இவருக்கு என்ன வேலை தெரியுமா? சீட்டு அடிக்கிற மெஷின்களைப் பராமரிப்பது. ‘இதுக்கா இவ்வளவு படிச்சோம்?’ என்று நம்மில் பலபேர் புலம்புவோமே, அதே நிலைமை!

மனிதர் புலம்பவில்லை. நேரம் போகாமல், நீட்டி மடக்கும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்து வைத்திருந்தார். அதைக் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். ‘போச்சு, சீட்டு கிழிஞ்சது’ என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ, ‘இதையே பொம்மையாக்கு’ என்றார். 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் கடைக்கு வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தள்ளியது.

அந்த யோகோயின் டீம்தான் 1989-ல் கேம் பாயைக் கொண்டுவந்தது. அவருடைய கொள்கை ரொம்ப சிம்பிள்: ‘புத்தம்புது தொழில்நுட்பத்துக்குப் பின்னாடி ஓடாதே. எல்லாருக்கும் பழகிப்போன, விலை இறங்கிப்போன சமாச்சாரத்தை எடு. யாரும் யோசிக்காத இடத்தில் அதைப் பயன்படுத்து.’ நம்ம ஊரில் ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணி ஊத்தி வெச்சு, காலையில் சின்ன வெங்காயத்தோடு அமிர்தமாக்குகிறார்களே... அதே ஃபார்முலா!

அதனால்தான் கேம் பாயில் கலர் கிடையாது. திரைக்கு விளக்கு கிடையாது. பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கிய ஒரு திரை, நான்கே நான்கு ஷேட். போட்டிக்கு 1990-ல் வந்த செகாவின் ‘கேம் கியர்’ பளபள கலர், பளிச் விளக்கு என்று அசத்தியது. ஆனால், ஆறு பென் டார்ச் பேட்டரி போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஓடியது. பஸ்ஸில், ரயிலில், போர்வைக்குள், எங்கே வேண்டுமானாலும். கடைசியில் ஜெயித்தது யார்? கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து விற்றது சுமார் 11 கோடியே 87 லட்சம்!

1997-ல் ஒரு சாலை விபத்தில் யோகோய் இறந்துபோனார். அவர் தேர்ந்தெடுத்த அந்தப் ‘பழைய சோறு’ தொழில்நுட்பம்தான் இன்றைக்கு நமக்கு வரம். எப்படி என்கிறீர்களா?

உங்க 8085-க்கு ஒண்ணுவிட்ட தம்பி

உங்க பாக்கெட்டில் இருக்கிற செல்போனைத் திறந்தால் என்ன தெரியும்? ஒரு கறுப்புச் சில்லு. அதன் மேலே ஒரு தகரத் தகடு. அவ்வளவுதான். அதை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஒரு ஆள் அதைத் தயாரித்த கம்பெனியில்கூட இருக்க மாட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கு ஒரு துண்டைச் செய்து ஒட்டியது அது.

கேம் பாய் அப்படி இல்லை. 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகம். 8 கிலோபைட் ராம். படத்துக்கு இன்னொரு 8 கிலோபைட். திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. சத்தத்துக்கு நான்கு சேனல். மேட்டர் ஓவர்! ‘டெட்ரிஸ்’ கேம் முழுசும் 32 கிலோபைட்தான். காலையில் உங்க பெரியப்பா ஃபேமிலி குரூப்பில் அனுப்புகிற ‘குட் மார்னிங்’ ரோஜாப் படம்கூட அதைவிடப் பெருசு!

இ.சி.இ., ட்ரிபிள் ஈ ஆட்களுக்கு இன்னொரு ஜாலி செய்தி. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் மைக்ரோபிராசஸர் லேப் என்றாலே 8085 கிட்தான் ஞாபகம் வரும். அந்த 8085-ம் கேம் பாய் சிப்பும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் மூதாதை இன்டெலின் 8080. லேபில் ‘எம்.வி.ஐ. ஏ’ என்று எழுதி, ஹெக்ஸில் 3ஈ என்று கீபேடில் தட்டியிருப்பீர்களே... கேம் பாயிலும் அதே வேலைக்கு அதே 3ஈ! ‘ஜம்ப்’ என்பதற்கு அங்கேயும் சி3, இங்கேயும் சி3! ரெக்கார்டு நோட்டில் காப்பி அடித்துக் கையெழுத்து வாங்கின சமாச்சாரம், ஜப்பான்காரன் பொம்மைக்குள் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, மேட்டர் இதுதான் பாஸ். ஒரு முழு கம்ப்யூட்டர், மேலிருந்து கீழே வரை, ஒரே ஒரு ஆளின் தலைக்குள் அடங்கும். உங்க தலைக்குள்ளும் அடங்கும். இந்தக் காலத்தில் அந்தச் சந்தோஷத்தைத் தருகிற மெஷின் அபூர்வம்.

48 பைட் பூட்டு

இப்போ ஸ்விட்ச் போடுவோம். மேலிருந்து நின்டெண்டோ என்ற எழுத்து மெதுவாக இறங்கி வருகிறது. நடுவில் வந்து நிற்கிறது. ‘டிங்!’

அழகாக இருக்கிறதல்லவா? அது அழகுக்காக மட்டும் இல்லை. அது ஒரு பூட்டு!

கேம் பாய்க்குள் 256 பைட்டில் ஒரு குட்டி புரோகிராம் இருக்கிறது. கரென்ட் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். அந்த லோகோவை அது எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? நீங்க சொருகின கேசட்டிலிருந்து! ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் 48 பைட்டில் அந்தப் படம் இருந்தாக வேண்டும். குட்டி புரோகிராம் அதை எடுத்துத் திரையில் காட்டும். பிறகு தன்னிடம் இருக்கிற இன்னொரு பிரதியோடு பைட் பைட்டாக ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதையும் தாண்டினால், கேமின் பெயர், வகை எல்லாம் எழுதியிருக்கிற தலைப்புப் பகுதியைக் கூட்டிக் கழித்து ஒரு கணக்கு. அதுவும் சரியாக இருந்தால்தான் ஆட்டம் ஆரம்பம்.

எதற்கு இந்தக் கெடுபிடி? ‘எங்க லோகோவை எங்க அனுமதி இல்லாமல் போட்டால் கோர்ட்டுக்கு இழுப்போம்’ என்று மிரட்டத்தான். இதே மாதிரி ஒரு பூட்டைப் போட்டிருந்த செகாவும், அக்கலேட் என்ற கேம் கம்பெனியும் அமெரிக்காவில் மோதிக்கொண்டன. 1992-ல் அப்பீல் கோர்ட் அக்கலேட் பக்கம் சாய்ந்தது. ‘மெஷினோடு ஒத்துப்போவதற்காக ஆராய்ந்து பார்த்தது நியாயமான பயன்பாடுதான், அந்தப் பூட்டால் வருகிற குழப்பத்துக்கு செகாவே பொறுப்பு’ என்கிற மாதிரி தீர்ப்பு. அது அந்த ஊர்ச் சட்டம். நாமாக இங்கே இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

அந்த 256 பைட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது ரொம்ப வருஷம் ரகசியமாகவே இருந்தது. ஏனென்றால், லோகோ காட்டி முடித்ததும் அது தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். கேமிலிருந்து அதைப் படிக்கவே முடியாது. 2003-ல் ஒரு ஆர்வலர் என்ன செய்தார் தெரியுமா? சிப்பின் மேல்மூடியை நீக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, உள்ளே இருக்கிற புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே அத்தனை பிட்டையும் படித்து முடித்துவிட்டார். சம்பளம் இல்லை, மார்க் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்!

இதில் ஒரு வேடிக்கை. உள்ளே விடாமல் தடுக்கப் போட்ட பூட்டுதான் இன்றைக்கு நம்ம ஆட்களுக்கு டெஸ்ட்டர்! கேசட்டே இல்லாமல் ஸ்விட்ச் போட்டால், லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கி வரும். எதுவும் எழுதாத காலி சிப்பும் அதே கறுப்புப் பட்டையைத்தான் காட்டும். எட்டு டேட்டா லைனில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், எழுத்துக்கு நடுவே சீரான இடைவெளியில் கோடு கோடாக விழும். கன்னாபின்னாவென்று சிதறியிருந்தால் அட்ரஸ் லைனைச் சந்தேகப்படலாம். லோகோ சரியாக இருந்தும் உறைந்து நின்றால் கூட்டல் கணக்கைப் பாருங்க. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அது மாதிரி!

கண்ணுக்கு சிகிச்சை

சரி, வேலைக்கு இறங்குவோம். பின்னாடி இருக்கிற ஸ்குரூவைப் பாருங்க. ஸ்டாரும் இல்லை, ப்ளஸ்ஸும் இல்லை. மூன்று றெக்கை! ‘ட்ரை-விங்’ என்று கேட்டால் கிடைக்கும். கேசட்டுக்கு வேறு ஒன்று: 3.8 மில்லிமீட்டர் கேம்பிட். ‘பேனா முனையை உருக்கி அழுத்தித் திருகினேன்’ என்று வீரம் காட்டுகிற நண்பனை நம்பாதீங்க. ஸ்குரூ மழுங்கினால் கதை கந்தல்.

பழைய கேம் பாயில் அடிக்கடி வருகிற வியாதி, திரையில் நெட்டுக்குத்தாகச் சில கோடுகள் காணாமல் போவது. கண்ணாடியின் அடிப்பக்கம் ஒரு ரிப்பன் கேபிள் சூட்டில் அழுத்தி ஒட்டப்பட்டிருக்கும். முப்பது வருஷத்தில் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. வைத்தியம்? சூடான சால்டரிங் அயனை அந்த ஒட்டின் மேல் மெதுவாக இழுப்பது! ஸ்விட்சைப் போட்டுக்கொண்டே இழுத்தால், செத்துப்போன கோடுகள் ஒன்றொன்றாக எழுந்து வரும். முதல்முறை பார்க்கும்போது புல்லரிக்கும். ஒரே இடத்தில் அயனை நிறுத்தினால் கேபிள் கருகும். அப்போதும் புல்லரிக்கும்... வேறு மாதிரி!

அடுத்தது விளக்கு. திரைக்குப் பின்னாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு வெள்ளித் தாள் ஒட்டியிருக்கும். அதைப் பொறுமையாக உரித்து, பசையைச் சுத்தம் செய்து, பின்னாடி ஒரு எல்.ஈ.டி. பலகையைச் சொருகினால் பேக்லைட் ரெடி. கண்ணாடி ரொம்ப மெல்லிசு. அவசரப்பட்டால் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு சரி.

இன்னும் பளிச்சென்று வேண்டுமா? போலரைஸர் தாளை 90 டிகிரி திருப்பி ஒட்டுவார்கள். இப்போது படம் ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி தலைகீழாகத் தெரியும். திரைக்குப் போகிற இரண்டு டேட்டா ஒயர்களின் நடுவில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் சிப்பைப் போட்டு, ஒன்றை ஜீரோவாக, ஜீரோவை ஒன்றாக மாற்றிவிட்டால் படம் மறுபடி நேராகிவிடும். ஆனால் கான்ட்ராஸ்ட் முன்பைவிட அட்டகாசம்! ஃபர்ஸ்ட் இயரில் ‘நாட் கேட்’ படித்தபோது ‘இது எதுக்கு உதவும்?’ என்று கேட்டீங்களே... இதுக்குத்தான்!

இப்போதெல்லாம் ஐ.பி.எஸ். திரையே கிட் ஆக வருகிறது. பழையதைக் கழட்டி புதிதை மாட்டினால் செல்போன் மாதிரி தெரியும். சுலபம்தான், ஆனால் பேட்டரியை மளமளவென்று குடிக்கும். யோகோய் எதைத் தவிர்த்தாரோ, அதையே காசு கொடுத்து மாட்டுகிறோம் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்குத் திரை வேண்டாம், சத்தம்தான் வேண்டும். ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 1998-ல் செய்த ‘நானோலூப்’, ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000-ல் கொண்டுவந்த ‘எல்.எஸ்.டி.ஜே.’ இரண்டும் கேம் பாயை இசைக்கருவியாகவே மாற்றிவிட்டன. வால்யூம் திருகிக்கு முன்னாடியே ஒயர் இழுத்துச் சுத்தமான ஒலியை வெளியே எடுத்து, மேடையேறிக் கச்சேரியே செய்கிறார்கள். நான்கே சேனல்!

சொந்தமா ஒரு கேசட்

இப்போ மெயின் பிக்சர். நீங்களே ஒரு கேம் எழுதுறீங்க. அதை நீங்களே கேசட்டாக்கி நண்பன் கையில் கொடுக்கறீங்க. முடியுமா? முடியும்!

முதலில் கேம். 2019-ல் வந்த ‘ஜி.பி. ஸ்டுடியோ’வில் கோடிங்கே தெரியாமல் படம் வரைந்து, மவுஸால் இழுத்துப் போட்டு கேம் செய்யலாம். இலவசம். ‘சி’ தெரிந்தவர்களுக்கு ‘ஜி.பி.டி.கே.’ இருக்கிறது. அசெம்பிளி எழுதுகிற தில் இருந்தால் ‘ஆர்.ஜி.பி.டி.எஸ்.’ இருக்கிறது. திரையைத் தரைக்கு டைல்ஸ் போடுகிற மாதிரி நினையுங்க. 8-க்கு 8 புள்ளியில் ஒரு டைல். குறுக்கே 20, நெடுக்கே 18, மொத்தம் 360 டைல். அதற்குள்தான் உங்க உலகம். கம்ப்யூட்டரில் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்க.

அடுத்து கேசட். உள்ளே இருக்கிற போர்டின் அடியில் 32 பட்டை. எண்ணிப் பார்ப்போமா? 5 வோல்ட் ஒன்று. கிளாக் ஒன்று. எழுது, படி, ராமைத் தேர்ந்தெடு – இதற்கு மூன்று. அட்ரஸ் பதினாறு. டேட்டா எட்டு. ரீசெட் ஒன்று, வெளியிலிருந்து ஒலி வர ஒன்று, கிரவுண்ட் ஒன்று. கூட்டினால் சரியாக 32!

உங்க கேம் 32 கிலோபைட்டுக்குள் இருந்தால் வேலை ரொம்ப சுலபம். ‘39எஸ்.எஃப்.040’ மாதிரி 5 வோல்ட்டில் ஓடுகிற ஃப்ளாஷ் சிப் ஒன்று. அட்ரஸ் 0 முதல் 14 வரை நேராக இணைப்பு. எட்டு டேட்டா லைனும் நேராக. ‘படி’ லைன் சிப்பின் அவுட்புட் எனேபிள் காலுக்கு. அட்ரஸ் 15 சிப் எனேபிள் காலுக்கு. சிப்பில் மிச்சம் இருக்கிற அட்ரஸ் கால்கள் கிரவுண்டுக்கு. எழுதும் கால் 5 வோல்ட்டுக்கு. பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. முடிந்தது! அட்ரஸ் 15 ஏன் அங்கே போகிறது? கேம் பாயின் முகவரியில் முதல் பாதி கேசட்டுக்கு, இரண்டாம் பாதி பெரும்பாலும் மெஷினின் சொந்த உபயோகத்துக்கு. பதினைந்தாம் லைன் ஜீரோவாக இருந்தால் முதல் பாதி. ஒன்றானால் சிப் தானாக வாயை மூடிக்கொள்ளும்.

கேம் பெருசா? அங்கேதான் ‘மேப்பர்’ வருகிறது. கேம் பாய் கேசட்டை ஒரே நேரத்தில் 32 கிலோபைட்தான் பார்க்க முடியும். அதில் முதல் 16 நிரந்தரம், அடுத்த 16 மாறும். இரண்டு பேர் தங்கும் ஹாஸ்டல் ரூமில் ஒரு கட்டில் வார்டன் ஆளுக்கு நிரந்தரம். இன்னொரு கட்டிலில் ஷிஃப்ட் போட்டு ஆள் மாறுகிறான் என்று வெச்சுக்கோங்க. ‘அடுத்து யார்?’ என்று சொல்வதுதான் மேப்பர் சிப். ‘எம்.பி.சி.5’ என்ற மேப்பர் இப்படியே 8 மெகாபைட் வரை சமாளிக்கும். அந்த வேலையை இன்றைக்கு ஒரு சி.பி.எல்.டி. சிப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளில் கேம் கம்பெனிகளே புரோட்டோடைப் கேசட் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சிப். அழிக்க வேண்டுமென்றால் புறஊதா விளக்கின் கீழே காட்ட வேண்டும். வெயில் பட்டு அழிந்துவிடக் கூடாதே என்று ஜன்னலின் மேல் ஒரு ஸ்டிக்கர். நமக்கு யு.எஸ்.பி. புரோகிராமரில் ‘டக்’கென்று வேலை முடிகிறது.

போர்டை ‘கைகேட்’ என்ற இலவச மென்பொருளில் வரையலாம். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. ஆர்டர் கொடுக்கும்போது தடிமன் என்ற இடத்தைக் கவனிக்கவே இல்லை நான். வழக்கமான 1.6 மில்லிமீட்டரில் வந்து சேர்ந்தது. கேம் பாய்க்கு வேண்டியது 0.8! ஐந்து போர்டும் ஸ்லாட்டுக்குள் நுழையவே இல்லை. இன்றைக்கும் டீ கிளாஸ் வைக்க உதவுகிறது. இரண்டாம் தடவை போர்டு சரி. ஸ்விட்ச் போட்டால் கறுப்புப் பட்டை. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தேன். ‘படி’ லைனில் சால்டர் பிடிக்கவே இல்லை. ஒரு தொடல்... ‘டிங்!’

அந்த ‘டிங்’ சத்தத்துக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் கண் விழிக்கலாம் பாஸ்!

நான் அழித்த உலகம்

ஜாலியாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கேசட் பலவற்றில் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். நீங்க எங்கே நிறுத்தினீர்கள் என்ற ‘சேவ்’ ஒரு ராம் சிப்பில் இருக்கிறது. அந்த ராமுக்கு மூச்சு, இந்த பேட்டரி. பேட்டரி போனால் சேவ் போச்சு. ‘போகிமான் கோல்டு, சில்வர்’ கேசட்களில் ராத்திரி பகல் காட்டுகிற கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நம்ம பக்கம் இந்த கேசட் எல்லாம் சிங்கப்பூர் மாமாவோ, துபாய் சித்தப்பாவோ சூட்கேஸில் கொண்டுவந்தால்தான் உண்டு. என் ஹாஸ்டல் ரூம்மேட்டிடம் அப்படி ஒரு ‘சில்வர்’ கேசட் இருந்தது. அவன் அண்ணன் எட்டாவது படிக்கும்போது விளையாடியது. அதே சேவ், அண்ணன் பெயரிலேயே, பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது. அண்ணன் வெளிநாடு போனபிறகு இவன் அதை அப்படியே வைத்திருந்தான். புது ஆட்டம்கூட ஆரம்பிக்கவில்லை.

“டேய், பேட்டரி எப்ப வேணா போயிடும். குடு, நான் மாத்தித் தரேன்” என்றேன். அப்போதுதான் சால்டரிங் கற்றுக்கொண்ட திமிர். பழைய பேட்டரியைக் கழட்டினேன். புதுசைப் பற்றவைத்தேன். சால்டர் கண்ணாடி மாதிரி மினுங்கியது. சொருகி ஸ்விட்ச் போட்டால்...

‘நியூ கேம்’. அவ்வளவுதான்.

முதலில் சேவை கம்ப்யூட்டரில் காப்பி எடுத்திருக்க வேண்டும். அதற்கென்று யு.எஸ்.பி. ரீடர் இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. எனக்குத் தோன்றவே இல்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “பரவால்லடா, விடு” என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

அன்றைக்கு ஒரு விஷயம் உறைத்தது. கழட்டத் தெரிந்திருப்பது பாதித் திறமைதான். எதைக் கழட்டக் கூடாது, எதைக் கழட்டும் முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் மீதி.

களத்தில் இறங்கும் முன்...

* முதலில் காப்பி, அப்புறம்தான் கழட்டல். பேட்டரி உள்ள கேசட் என்றால் ரெண்டு காப்பி.

* பட்டன் பேட்டரி மேலே நேரடியாக சால்டர் வைக்காதீங்க, வெடிக்கலாம். கால் பற்றவைத்தே விற்கிற பேட்டரியை வாங்குங்க. ப்ளஸ், மைனஸ் பார்த்து மாட்டுங்க.

* நல்லா ஓடுகிற ஒரிஜினல் கேசட்டை ‘சிப் வேணும்’ என்று பிய்க்காதீங்க. அது மறுபடி தயாராகப் போவதில்லை. பழகுவதற்குச் செத்த போர்டுகள் தாராளம்.

* ஊதாதீங்க! காட்டன் பட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

* சால்டரிங் அயன், ஃப்ளக்ஸ், மல்டிமீட்டருக்கு வெளிநாட்டு ஆர்டர் எதுக்கு? சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கே! வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க, முடிந்ததும் கை கழுவுங்க. ஈயம் விளையாட்டில்லை.

* அடுத்தவர் கேமை இறக்கி, கேசட்டில் ஏற்றி விற்பது திருட்டு. உங்க கேமை விற்றால் கெத்து!

மறுபடி ஆரம்பத்துக்கு வருவோம். ‘ஏன் இந்த வேண்டாத வேலை?’

1999-ல் ‘இன்ஃபினிட்டி’ என்று ஒரு கேம் பாய் கலர் கேமைச் சில இளைஞர்கள் எழுத ஆரம்பித்தார்கள். வெளியிட ஆள் கிடைக்கவில்லை. பாதியில் நின்றுபோனது. 2016-ல் ‘யாராவது பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று அதன் சோர்ஸ் கோடை வெளியே விட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2021-ல், ரசிகர்களிடம் நிதி திரட்டி மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். இருபது வருஷத்துக்கு முன் எழுதின கோடு அப்படியே புரிகிறது, அதே மெஷினில் அப்படியே ஓடுகிறது. இன்றைக்கு நாம் செல்போனுக்கு எழுதுகிற ஆப், இருபது வருஷம் கழித்து ஓடுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ரெடிமேடாக வாங்கி, வைவாவில் ‘இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?’ என்று கேட்டால் மேலே ஃபேனைப் பார்க்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களைக் குறை சொல்லவில்லை. இன்றைய மெஷின்கள் ‘உனக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்றே நம்மைப் பழக்கிவிட்டன. இந்தக் குட்டி டப்பா மட்டும் ‘வா, திறந்து பார்’ என்கிறது. 32 பட்டையில் எது எதற்கு என்று உங்களால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அப்புறம் எந்த போர்டைப் பார்த்தாலும் பயம் வராது.

என் ரூம்மேட்டுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை. ஆனால் போன வருஷம் அவன் பிறந்தநாளுக்கு ஒரு கேசட் செய்து அனுப்பினேன். 32 கிலோபைட். பேட்டரி கிடையாது, அழியவும் அழியாது. 360 டைலில் எங்க ஹாஸ்டல் வராண்டா, மெஸ், மொட்டை மாடித் தண்ணித்தொட்டி. ராத்திரி போன் வந்தது.

“டேய்... மெஸ் கதவைத் தட்டினா தோசை தீந்துபோச்சுன்னு வருது!”

“ஆமாடா. உண்மையைத்தானே எழுத முடியும்!”

சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான்.

ஸ்குரூ டிரைவர் ரெடியா பாஸ்?